ஆரும் வருகினமோ?

ஸ்காபரோவிலிருந்து வந்து இறங்கிய கையோடு மச்சாள் என் பெட்டியைத் தூக்கித் தந்தா. கொம்பியூட்டர் கேசிங்தான். பத்து லீற்றர் கொள்ளளவு. இதைவிடச் சின்னதாக எடுத்தால் உள்ளே கை நுழையாது. மேசை மூலையில் சத்தம் போடாமல் கிடக்கவேண்டும் என்று மாதக்கணக்காகப் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்த சாமான். சூடு வெளியே போகட்டும் என்று சுற்றிவரச் சல்லடைத் தகடு போட்டிருக்கிறார்கள். மச்சாள் அதன் மூடியைக் கழற்றி, உள்ளே மூலைமுடுக்கு விடாமல் சொக்லேட் அடைத்திருந்தா.

"வெறும் பெட்டியை ஆரும் சூட்கேசுக்கை வைப்பினமே?" என்றா.

அடைத்த இடத்தில் பனி இன்னும் கரையவில்லையாம். கட்டுநாயக்காவிலிருந்து ஏ9 வீதியால் வான் வந்து சேர்ந்த இடத்திலோ சித்திரை வெயில். இப்போது பல்லுக்குத்தும் குச்சியோடு இருந்து சல்லடைக் கண்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கிறேன். எறும்புகளும் தங்களால் ஆனதைச் செய்கின்றன.

வீட்டில் படம் திருத்த ஒரு கொம்பியூட்டர் வேண்டும், அது சின்னதாக இருக்கவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சத்தமில்லாமல் இருக்கவேண்டும் என்று நான் ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறேன் என்பதற்குச் சரியான காரணம் இருக்கிறது. அதை எழுதத்தான் இருந்தேன். ஆனால் சொக்லேட் காய்வதற்குள் சூட்கேஸ் கதையை முடித்துவிடுகிறேன்.

ஊர்க் கடையில் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். போனேன். வரிசையாக அடுக்கியிருந்த கேசிங் எல்லாவற்றுக்கும் கண்ணாடிக் கதவு, உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சுழலும் விளக்கு.

"தம்பி, லைட் இல்லாதது இல்லையோ?"

"லைட்டை ஓஃப் பண்ணலாம் அண்ணை."

"ஓஃப் பண்ணுறதுக்கு ஏன் காசு குடுத்து வாங்குவான்?"

"லைட் இருந்தா ஸ்பீட் எண்டு சனம் கேக்குது அண்ணை."

படத்தில் ஒரு முகத்தின் நிறத்தைச் சரிபார்க்கிறவனுக்குப் பக்கத்தில் நிறம் மாறிமாறி எரியும் விளக்கு இருந்தால், திரையில் தெரிகிற தோல் நிறத்தைக் கண் நம்பாது. மணப்பெண் ஒரு நொடி நீலம், மறுநொடி பச்சை. நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது பொடியன் அடுத்த வாடிக்கையாளருக்கு வானவில் காட்டப் போய்விட்டான்.

ஆகவே வழமையான வழி. ஆரும் வருகினமோ?

அந்தக் கேள்வியைக் கேட்காத வீடு குடாநாட்டில் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். தைலம், சொக்லேட், முழங்கால் பட்டி, மாக்கரைக்கிற மெசின் என்று நாங்கள் கேட்டது போதாதென்று நான் மதர்போட் கேட்டேன். மினி-ஐரிஎக்ஸ் என்கிற 17 சென்ரிமீற்றர்ச் சதுரப் பலகையை தாய்வானின் வியா கொம்பனி 2001 இல் அறிமுகப்படுத்தியது மேசையில் இடம் மிச்சம் பிடிக்க என்று சொல்வார்கள். எங்களுக்கு அது மடித்த கூறைச் சேலைக்குள் அடங்கும் என்பதுதான் பெரிய விஷயம். எனக்கு வேண்டிய சின்னப் பவர் சப்ளையை எஸ்எஃப்எக்ஸ் என்பார்கள். ஒரு பெரிய அப்பிள் பெட்டி அளவுகூட வராது, ஆனால் இரும்பும் செம்புமாக ஒரு கிலோவை நெருங்கும். இருபத்துமூன்று கிலோ பொதியில் ஒரு கிலோ கேட்பது காணியில் பங்கு கேட்கிற மாதிரி. குளியலறைத் தராசில் சூட்கேசை வைத்து, ஏறி நின்று, இறங்கி, ஒரு பவுடர் ரின்னை வெளியே எடுத்து, மறுபடி ஏறி நின்று, கடைசியில் வெளியே வருவது எப்போதும் என் சாமான்தான். "அடுத்தமுறை பாப்பம்" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். கூடவே தராசின் படமும் வரும், சாட்சிக்கு.

அப்படித் தப்பி வருகிறவையும் நேரே வருவதில்லை. புரொசெசர் சூரிச்சிலிருந்து பெரியம்மாவோடு வந்தது. அது ஏஎம்4 வகை. அடியில் 1331 கால்கள், ஒவ்வொன்றும் மயிர் கனம். பெரியம்மா அதன் பிளாஸ்ரிக் உறையை இடம்பிடிக்கிறதென்று எறிந்துவிட்டு, விலையுயர்ந்த சாமான் என்று நான் சொன்ன ஒரே காரணத்துக்காக, தன் சங்கிலியும் காப்பும் இருந்த பேர்சுக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தா. ஒரு மூலையில் கால்கள் படுத்துவிட்டன. எங்கள் பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணில் லென்சை மாட்டி, இடுக்கியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்தினார். கொம்பியூட்டர் படித்த எவரிடமும் நான் அந்தப் பொறுமையைக் கண்டதில்லை. முடிவில் ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, இந்தக் காலுகளிலை பூசியிருக்கிறது பவுண்தானே? இதிலை எத்தனை மஞ்சாடி தேறும்?"

புரொசெசரில் தடவுகிற பசையும் பெரியம்மாதான் கொண்டுவந்தா. அது சின்ன ஊசிக் குழாய்க்குள் வரும். எல்லாரும் போனபிறகு என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு, அதை என் கைக்குள் வைத்துப் பொத்தி, "எப்பயிருந்து தம்பி உனக்குச் சீனி வருத்தம்? அம்மாவுக்குத் தெரியுமோ?" என்றா. இல்லை, இது கொம்பியூட்டருக்கு என்றேன். நம்பவில்லை. அன்றிலிருந்து எனக்கு மட்டும் சீனி போடாத தேத்தண்ணி வருகிறது.

ராம் லண்டனிலிருந்து வந்தது. 32 ஜிபி என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மச்சான் வாங்கிவந்தது மடிக்கணனிக்குப் போடுகிற அரைவாசி நீள ராம். "நீங்கள் எல்லாம் சின்னதாத்தானே கேட்டியள் அத்தான்?" என்றான். வாதாட இடமில்லை. போகட்டும், அடுத்த வருகைக்குப் பார்ப்போம் என்றிருக்க, 2022 இல் ஏஎம்டி கொம்பனி சொக்கெற்றையே மாற்றி ஏஎம்5 என்றது. ராமும் டிடிஆர்5 ஆகியது. பழைய டிடிஆர்4 அதன் குழிக்குள் இறங்காது, வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. என்னிடம் கால் நிமிர்த்திய பழைய புரொசெசர். பாரிஸ் சித்தப்பா லாச்சப்பலில் விசாரித்து வாங்கியதோ புதிய மதர்போட். ஒன்று மற்றதைச் சம்பந்தி என்று ஏற்க மறுத்தது.

அதே ஆண்டு எங்கள் ரூபாயும் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாய் சொச்சம் இருந்த டொலர் மே மாதத்தில் முந்நூற்றறுபதைத் தாண்டியது. 150 டொலர்ப் பலகை ஒன்று முப்பதாயிரத்திலிருந்து ஐம்பத்துநாலாயிரமானது, அது பெட்டியை விட்டு அசையாமலே. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. அந்த நாட்களில் என் கொம்பியூட்டர் முழுமையான அமைதியில் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சென்னை வழியும் பார்த்தாயிற்று. பலாலியிலிருந்து 2019 நவம்பரில் விமானம் தொடங்கியதும் ரிச்சி ஸ்ட்ரீட்டே பக்கத்து ஒழுங்கைக்கு வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். பிறகு கொரோனா வந்தது, 2022 டிசெம்பரில் விமானம் திரும்ப வந்தது. வருவது விசிறி வைத்த சின்ன விமானம். கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போகிறவர்கள் முதலில் ரீ நகருக்குப் போவார்கள். ரிச்சி ஸ்ட்ரீட் கடைசி நாளுக்கு என்று வைத்திருப்பார்கள். கடைசி நாளில் சூட்கேசில் இடமிருக்குமா? 2023 இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோதும் துள்ளினேன். கடல் குழப்பம் என்று அது நின்றது, நானும் நின்றேன்.

இனி வயர். கனடாவிலிருந்து வந்ததில் தட்டைப் பின், சுவிசிலிருந்து வந்ததில் மூன்று ஒல்லிப் பின், சென்னையினதில் உருண்டைப் பின், லண்டனினதில் சதுரப் பின். என் சுவரில் இருப்பது பழைய உருண்டைத் துளை, அது சென்னையினதைத் தவிர வேறெதற்கும் பொருந்தாது. அடப்டருக்கு மேல் அடப்டர் போட்டு இப்போது பிளக் சுவரிலிருந்து ஒரு சாண் வெளியே நிற்கிறது. சின்னக் கொம்பியூட்டர் கட்டியதால் மிச்சம் பிடித்த இடம் அங்கே போய்விட்டது.

எங்கே விட்டேன்? ஓம், சத்தம்.

சத்தத்துக்கு மருந்து ஒன்றுதான்: பெரிய ஃபான், மெதுவான சுற்று. சின்னப் பெட்டிக்குள் பெரிய ஃபான் போகாது. ஆகவே ஒஸ்திரியாவின் நொக்ருவா செய்கிற, 37 மில்லிமீற்றர் உயரக் கூலர். 92 மில்லிமீற்றர் ஃபான், மண்ணிறமும் சந்தன நிறமும்; பார்க்க ஆசை வராது, கேட்கவும் ஒன்றும் வராது. குறைந்த மின்சாரம் குடிக்கிற 65 வாட் புரொசெசர். சுழல்கிற வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி. ஐரோப்பாவில் இருந்து எழுதுகிறவர்கள் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். அவர்களுடைய அறை இருபது பாகை. என்னுடையது முப்பத்துநாலு. எந்த ஃபானாலும் அறைக் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்கமுடியாது, அதுவும் சொக்லேட் வழியாக இழுத்த காற்றால்.

படம் என்று சொன்னேனே, அது பழைய குடும்பப் படங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவற்றில் அல்பங்களும் இருந்தன. மிஞ்சியவற்றைக் கறையானும் பூஞ்சணமும் பங்குபோட்டன. இப்போது ஸ்கான் பண்ணித் துப்புரவாக்கித் தா என்கிறார்கள். சந்தோசமாகச் செய்கிறேன். ஆனால் அதோடு விடுகிறார்களா? கலியாணக் குழுப்படத்தில் மூன்றாவதாக நிற்கிற சித்தப்பாவை எடுத்துவிடு என்று ரொறன்ரோ கேட்கிறது. காணி வழக்கு. சித்தப்பாவை எடுத்தால் நாங்கள் படத்தை வாங்கமாட்டோம் என்று லண்டன் சொல்கிறது. ஆகவே சித்தப்பா உள்ள படம் ஒன்று, இல்லாத படம் ஒன்று. இல்லாத படத்தில் அவர் நின்ற இடத்துக்கு ஒரு தூண் வேண்டும், தூணுக்கு நிழல் வேண்டும். இந்த நகரத்து ஸ்ரூடியோக்களில் ஒருகாலம் நெகற்றிவை யன்னலோரம் சாய்த்து வைத்து, கூராக்கிய பென்சிலால் முகச்சுருக்கத்தை அழித்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடமும் இதே வேலையைக் கேட்டிருப்பார்கள்; அவர்களுக்கு அடப்டர் தேவைப்படவில்லை.

சரி, இவ்வளவு பாடுபட்டு எதற்கு இந்த அமைதி என்றால், இனித்தான் சொல்லப் போகிறேன். எங்கள் ஒழுங்கைக் கோயிலில் காலை ஐந்து மணிக்குத் தென்னையில் கட்டிய புனல் ஸ்பீக்கர். சாமிக்குக் காது கேளாது என்று எந்தப் புராணத்தில் இருக்கிறது? பெரியவர்களிடம் கேட்டால் நான் சமயத்துக்கு எதிரி. ஆறரைக்குப் பாண்காரரின் ஓட்டோ, ஒரே மெட்டு, அதுவும் பேத்தோவன்; அந்த மனிசனுக்குக் கடைசிக் காலத்தில் காது கேளாமல் போனது அவருக்கு நல்லதென்றே படுகிறது. ஏழரைக்குப் புல் வெட்டுகிற மெசின். மாலையில் சாமத்தியவீட்டுக்கு ட்ரோன். 1990க்குப் பிறகு கரண்டே இல்லாமல் சைக்கிள் டைனமோ சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. இருபது நிமிசச் செய்திக்கு ஒருவன் வியர்க்க வியர்க்க மிதிப்பான், மற்றவர்கள் மூச்சுவிடாமல் கேட்பார்கள். இப்போது கரண்ட் இருக்கிறது, கேட்கத்தான் ஒருவருமில்லை. இந்தச் சத்தங்களுக்கு நடுவில் என் கொம்பியூட்டரின் ஃபான் போடும் சத்தம் உண்மையில் கேட்காதுதான் என்று என் மனைவி சொல்கிறா. அது வேறு விஷயம். அதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் இப்போது கரண்ட் போய்விட்டது, யூபிஎஸ் கத்துகிறது. உள்ளூரில் வாங்கிய ஒரே சாமான் அதுதான். அதன் வாயை அடைக்க அதில் ஒரு பட்டனும் வைக்கவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டன்காரர் வருகிறார்கள். இருபத்தைந்து நாளும் நிற்பார்களாம், ஆகவே சூட்கேஸ் கூட. இன்னுமொரு 92 மில்லிமீற்றர் ஃபான், மண்ணிறம், பெயர் இது, இலக்கம் இது என்று படத்தோடு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் மச்சானின் குரல் பதிவு வந்தது.

"அத்தான், ஃபானோ? அதுகும் இவ்வளவு சின்னனோ? அந்த வெக்கைக்கு உது காணாது. இஞ்சை நிண்டு சுத்துற ஃபான் ஒண்டு மலிவாப் போகுது. காலை மடிக்கலாம். வெள்ளைதான் இருக்கு, எடுக்கட்டோ?"