விஜய மீமாம்சை

தமிழ்ப் பத்திரிகைகளைக் காலைக் காப்பியோடு சேர்த்து அருந்தும் பழக்கமுடைய எவரும், ‘மந்திரி விஜயம்’, ‘கவர்னர் விஜயம்’, ‘கலெக்டர் திடீர் விஜயம்’ என்னும் தலைப்புகளைப் பலமுறை கண்டிருப்பார். ஆயினும் மந்திரி யாரை ஜயித்தார், கவர்னருக்கும் அந்த ஊருக்கும் என்ன முன்விரோதம், ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் மேல் கலெக்டர் முன்னறிவிப்பின்றிப் படையெடுத்ததன் காரணம் யாது என்று கேட்டவர் ஒருவரும் இருப்பதாகத் தெரியவில்லை. வடமொழியில் வெற்றி என்று மட்டுமே பொருள்படுவதாகப் பள்ளிக்கூடத்தில் கற்பிக்கப்படும் ஒரு சொல், தமிழ் நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஆயுதங்களையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு, பிறர் இருக்குமிடத்துக்குப் போய் உபசாரம் பெற்றுத் திரும்புதல் என்னும் சாந்தமான பொருளை மேற்கொண்டது எங்ஙனம் என்பதே இந்த வியாசத்தில் ஆராயப்படுவது.

முதலில் இலக்கணத்தைத் தீர்த்துவிடலாம். ‘ஜி’ என்னும் தாது ஜயித்தலைக் குறிக்கும். ‘வி’ என்னும் உபசர்க்கம் விசேஷத்தைக் குறிக்கும். ஆகவே எல்லாரும் பெறுவது ஜயம், விசேஷமானவர்கள் பெறுவது விஜயம். இதற்கு அர்ஜுனனே சாட்சி. விராட நகரத்தில் ஓராண்டு காலம் பிறர் வீட்டுச் சோற்றை உண்டு முடித்த தறுவாயில்தான் அவன் தன் பத்துப் பெயர்களையும் உத்தரகுமாரனுக்கு ஒப்பித்தான்; அவற்றுள் ஒன்று விஜயன். போருக்குப் போனால் வெல்லாமல் திரும்புவதில்லையாதலால் அப்பெயர் பெற்றேன் என்று காரணமும் சொன்னான். திரும்புவதில்லை என்கிற அந்த அம்சத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் உதவும்.

பொருள் மாற்றத்தின் வித்து ‘திக்விஜயம்’ என்னும் தொகைச் சொல்லில் கிடக்கிறது. ராஜசூயம் செய்யப் பொருள் வேண்டியிருந்த யுதிஷ்டிரர், அர்ஜுனனை வடக்கேயும் பீமனைக் கிழக்கேயும் சகதேவனைத் தெற்கேயும் நகுலனை மேற்கேயும் அனுப்பியதாகச் சபா பர்வம் கூறுகிறது. வீட்டில் ஒரு விசேஷத்தை நிச்சயித்துவிட்டுத் தம்பிமார் நால்வரையும் நான்கு திசைக்கு ஓட்டுவது இன்றைக்கும் கல்யாண வீட்டார் செய்கிற காரியமேயாகும். இவர்கள் கையில் பத்திரிகை இருக்கிறது, அவர்கள் கையில் வில் இருந்தது, முடிவில் இரண்டு இடத்திலும் மொய்தான் கணக்கு. காளிதாசனின் ரகுவோ, திக்விஜயமாகத் தென்னாடு வந்தபோது, தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்து முத்துக்களைப் பாண்டியர்களிடமிருந்து காணிக்கையாகப் பெற்றுக்கொண்டு மேலே நடக்கிறான். ஊரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத நம்மவர் வழக்கத்தை அவன் சரியாகவே அறிந்திருக்கிறான். அவ்வளவு திரவியத்தையும் விசுவஜித் என்னும் யாகத்தில் தானம் செய்து தீர்த்து, கையில் மண் பாத்திரம் ஒன்றே மிஞ்சியிருந்த வேளையில், வரதந்துவின் சீடன் கௌத்ஸன் பதினான்கு கோடி குருதட்சிணைக்காக அவன் வாசலில் வந்து நிற்கிறான். உலகையெல்லாம் சுற்றி விஜயம் செய்து வந்தவன் வீட்டுக்கு ஒரு பிரம்மசாரி செய்த இந்த எதிர் விஜயமே நம் சித்தாந்தத்துக்கு முதல் தூண். சண்டையை நீக்கிப் பாருங்கள்: போதல், பெறுதல், திரும்புதல் ஆகிய மூன்றுமே எஞ்சுகின்றன.

ஆயினும் இத்துறையின் மூலநூல் என்று சொல்லத்தக்கது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமே. அதன் பன்னிரண்டாம் அதிகரணம், தன்னினும் வலியவன் வந்துவிட்டபோது வலுவற்ற அரசன் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லுகிறது. அதாவது அது குடும்பஸ்தர்களுக்கென்றே எழுதப்பட்டது. வருகிறவர்கள் தர்மவிஜயி, லோபவிஜயி, அசுரவிஜயி என மூவகைப்படுவர் என்றும், முதல்வன் பணிவு ஒன்றினாலேயே திருப்தியடைவான், இரண்டாமவன் நிலத்தையும் பொருளையும் அபகரிப்பான், மூன்றாமவன் நிலம், பொருள், புத்திரர், மனைவியர், பிராணன் ஆகிய ஐந்தையும் கவர்வான் என்றும் அவர் வகுத்திருக்கிறார். இதை ராஜதந்திரம் என்று கருதிப் படித்தவர்கள் எதையும் கண்டுகொள்ளவில்லை.

“இந்தப் பக்கம் வந்தேன், எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமென்று” எனத் தொடங்கி, “வாங்க, வாங்க” என்னும் இரண்டு சொற்களும் ஒரு டம்ளர் காப்பியும் பெற்று, விளக்கு வைக்குமுன் செருப்பைத் தேடுகிற உத்தமர் தர்மவிஜயி. அவருக்குத் தண்டனிடுவதில் நஷ்டமில்லை. லோபவிஜயி கூடத்தில் உட்காருவதில்லை; சமையலறை வாயிற்படியில் நின்றுகொண்டு, “மாவடு பேஷ், பேஷ்” என்று இரண்டு முறை சொல்லுவார், மூன்றாம் முறை சொல்லுமுன் ஜாடியைத் துணியால் வாய்கட்டிக் கையில் கொடுத்துவிட வேண்டும்; அப்படியும் போகும்போது மழை தூறினால் புதுக் குடையும் உடன் போகும். அசுரவிஜயியை டிரங்குப் பெட்டியையும் கூஜாவையும் கொண்டு தூரத்திலேயே அறியலாம். முதல் நாள் சாய்வு நாற்காலி அவர் வசமாகிறது, அது நிலம். மறுநாள் பிரிக்கப்படாத பத்திரிகை, அது பொருள். பிறகு வீட்டுப் பையன் வெற்றிலை சீவலுக்கும் பொடி மட்டைக்கும் கடைத்தெருவுக்கு ஓடிக்கொண்டிருக்கிறான், வீட்டுக்காரி அவருக்குப் பிடித்த பருப்புருண்டைக் குழம்புக்கு அரைத்துக்கொண்டிருக்கிறாள். ஐந்தில் நான்கு போயின. எஞ்சிய ஒன்றைக் காத்துக்கொள்ளவே கௌடில்யர், இவனுக்கு நிலத்தையும் பொருளையும் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டு, நீ அவன் கைக்கு அகப்படாமல் இருந்துகொண்டு பரிகாரம் தேடு என்கிறார். காரியாலயத்தில் வேலை அதிகம் என்று சொல்லி இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிற குமாஸ்தாக்கள், அந்த நூலைப் பாராமலே அதன்படி நடக்கிறவர்கள்.

திரும்பாத விஜயத்துக்குச் சரித்திர உதாரணம் வேண்டுவோர் மகாவம்சத்தைப் பார்க்கலாம். துர்நடத்தைக்காகத் தகப்பனால் விரட்டப்பட்டு, எழுநூறு தோழர்களோடு இலங்கைக் கரையில் வந்திறங்கிய இளவரசன் பெயரே விஜயன். குவேனி என்னும் யக்ஷிணி அவர்களுக்கு அரிசி முதலியவற்றைக் காட்டிக் கொடுத்து உபசரித்தாள். உண்டார்கள், பின்னர் அவள் துணைகொண்டே அவளுடைய இனத்தாரை ஒழித்தார்கள். அதற்கப்புறம் அவளையும் விலக்கிவிட்டு, மதுரைப் பாண்டியனிடம் பெண் கேட்டு மணந்து, 38 ஆண்டு ஆண்டான் என்று அந்நூல் கூறும். எழுநூறு பேரோடு வந்தவனுக்குச் சமைத்துப் போட்ட குவேனியின் கதியைக் கவனிக்குமிடத்து, அந்தத் தீவின் தமிழ்ப் பத்திரிகைகள் ‘விஜயம்’ என்னும் சொல்லை வருகை என்ற பொருளில் இன்றளவும் விடாமல் வழங்கி வருவதில் வியப்பில்லை.

போய்த் திரும்பிய விஜயத்துக்கு இராஜேந்திர சோழன் உதாரணம். 1025-ஆம் ஆண்டையொட்டி அவன் கடற்படை ஸ்ரீவிஜயத்துக்கே விஜயம் செய்தது. அங்கே ஆண்டவன் பெயரோ சங்கிராம விஜயோத்துங்கவர்மன். இத்தனை விஜயங்கள் ஒரே இடத்தில் கூடியது அதற்கு முன்னும் பின்னும் அபூர்வம். கைக்கொண்ட பொருள்களை அடுக்கும் மெய்க்கீர்த்தி, அந்நகரின் போர்வாயிலிலிருந்த வித்தியாதர தோரணத்தையும் சேர்த்துச் சொல்லுகிறது. தோரணத்தை விருந்தாளி எடுத்துக்கொண்டு போனான்! பெரிய மனிதர் வருகிற ஊரில் மூங்கிலும் துணியும் கொண்டு மட்டும் வளைவு கட்டி, இரு பக்கமும் குலை தள்ளிய வாழையைச் சார்த்தி, அவர் தலை மறைந்த மாத்திரத்தில் அவிழ்த்துவிடுகிற நம் வழக்கம், விலையுயர்ந்த தோரணம் கட்டினால் என்ன ஆகும் என்னும் அந்தப் பழைய அனுபவத்திலிருந்து பிறந்ததாகவே நான் துணிகிறேன்.

இனி, வாளேந்தாத விஜயத்துக்கு வழிகாட்டியவர்கள் ஆசாரியர்கள். சங்கரர் தேசமெங்கும் சஞ்சரித்துப் பிற மதத்தினரை வாதில் வென்ற வரலாறு ‘சங்கர விஜயம்’ என்னும் பெயராலேயே வழங்குகிறது. பின்வந்த பீடாதிபதிகளும் ஊர் ஊராகச் செல்வதை விஜய யாத்திரை என்றே கூறினர். எதிர்வாதம் செய்ய ஆள் வராமற்போய், பூர்ணகும்பம் எடுத்துவர மட்டுமே ஆட்கள் வந்தமையால், வெற்றி கழன்றுபோய் யாத்திரை நிலைத்தது. அரசர்களும் இதற்குச் சளைத்தவர்களல்லர். சண்டையே இல்லாத காலத்தில் அரசன் கூடாரம் போட்டுத் தங்கிய இடத்தையும், பழைய செப்பேடுகள் ‘விஜய ஸ்கந்தாவாரம்’, அதாவது வெற்றிப் பாசறை, என்றே குறிப்பிடுகின்றன. சுற்றுப்பயணத்திலுள்ள அதிகாரிகள் கடிதத்தின் தலையில் ‘முகாம்’ என்று போட்டு ஊர்ப்பெயர் எழுதுவது அந்தப் பாசறையின் மிச்சமேயன்றி வேறல்ல.

சொல்லின் தமிழுருவம் இன்னும் சுவையானது. ஜகரத்தை விலக்கினால் விஜயம் ‘விசயம்’ ஆகிறது; விஷயமும் ‘விசயம்’ ஆகிறது; வடமொழிச் சாசனங்களிலோ விஷயம் என்பது நாட்டின் ஒரு பகுதிக்கும் பெயர். ஆகையால் ஒரு விசயத்தைச் சேர்ந்தவர், ஒரு விசயமாக, இன்னொருவர் வீட்டுக்கு விசயம் செய்து, காரியத்தில் விசயம் பெற்றார் என்று பிழையின்றி எழுதலாம். வாசலில் ஆள் வந்தவுடன், “என்ன விசயம்?” என்று வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி, வந்த காரியம் யாது, எந்த ஊர், எத்தனை நாள், யாருக்கு வெற்றி என்னும் நான்கையும் ஒரே மூச்சில் விசாரிப்பதாக அமைகிறது. இத்தகைய சிக்கனம் வேறெந்தப் பாஷையிலும் இருக்குமென்று நான் நம்பவில்லை. தனித்தமிழ் அன்பர்கள் இச்சொல்லை நீக்கி ‘வருகை’ என்பதை நிறுத்தியிருக்கிறார்கள். வருகையில் வருவது ஒன்றே இருக்கிறது. சாய்வு நாற்காலி பறிபோவது அதில் இல்லை.

தமிழருக்கு மட்டுமே இப்படி நேர்ந்ததோ என்று ஐயுறுவோர் பூரி க்ஷேத்திரத்தை நோக்கலாம். அங்கே ஜகந்நாதர் ரத யாத்திரை முடிந்து கோயிலுக்குள் திரும்புவதற்கு ‘நீலாத்ரி பிஜே’ என்று பெயர். ‘பிஜே’ என்பது நம் விஜயமே. தன்னை விட்டுவிட்டுப் போனவருக்கு மகாலக்ஷ்மி கதவைச் சாத்திவிட, ரசகுல்லா கொடுத்துச் சமாதானம் செய்த பிறகே சுவாமி உள்ளே நுழைகிறார். வங்காளத்தாருக்கோ துர்க்கை புறப்பட்டுப் போகும் நாள்தான் விஜயா. அதன் பின்னர் உறவினர் வீடுகளுக்குச் சென்று பெரியோரை வணங்கி மிட்டாய் உண்பார்கள்.

வருகிறவரைத் தடுத்தால் என்ன என்று கேட்கிற தீரர்களுக்கும் சாஸ்திரத்தில் விடையுண்டு. வைகுண்டத்து வாயிற்காவலர் இருவருள் ஒருவன் பெயர் விஜயன். சனகாதி முனிவர்கள் வந்தபோது அவனும் ஜயனும் வழிமறித்தார்கள். சாபம் பெற்று மூன்று ஜன்மம் அசுரராகவும் அரக்கராகவும் பொல்லாத அரசர்களாகவும் பிறந்து, மும்முறையும் பெருமாள் கையால் மாண்ட பின்னரே பழைய உத்தியோகம் கிடைத்தது. விஜயன் என்ற பெயருள்ளவனுக்கே இந்தக் கதியென்றால், “அவர் ஊரில் இல்லை” என்று குழந்தையை விட்டுச் சொல்லச் செய்கிற சாமானியர்களைப் பற்றிப் பேசவும் வேண்டுமா? ஆகவே விஜயத்தைத் தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தவே முடியும். திதி குறிக்காமல் வருகிறவனே அதிதி என்பர் பெரியோர். விஜயமோ ராஜரீகமானது, முன்கூட்டி ஓலை போக்கிச் செய்ய வேண்டியது. எனவே ‘திடீர் விஜயம்’ என்பது சாஸ்திர விரோதம். அடுத்த மாதப் பள்ளிக்கூட விடுமுறையில் பந்துக்கள் வீடுகளுக்கு விஜயம் செய்ய உத்தேசித்துள்ள அன்பர்கள், வந்து சேரும் தேதியையும் புறப்படும் தேதியையும் ஒரே கடிதத்தில், தயவுசெய்து புறப்படும் தேதியை முதலிலும், எழுதிவிடும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.