தருமபுரி பஸ்ஸில் இடமில்லை

பெரிய மனிதர்களின் வாழ்க்கையில் திருப்புமுனை என்று ஒன்று வரும். வரும்போதே ஒரு மிடுக்கோடு வரும். விமானியாகும் ஆசையில் டேராடூன் போன அப்துல் கலாம், 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. அங்கிருந்து ரிஷிகேஷ், கங்கைக் குளியல், சுவாமி சிவானந்தரின் ஆறுதல், அப்புறம் ராக்கெட். எம்.எஸ். சுவாமிநாதனுக்கு ஒரு பக்கம் ஐ.பி.எஸ்., மறுபக்கம் நெதர்லாந்தில் ஆராய்ச்சி செய்ய யுனெஸ்கோ உதவித்தொகை. மனுஷர் லத்தியை விட்டுவிட்டு உருளைக்கிழங்கைப் பிடித்தார். எங்கள் மாவட்டத்து நாச்சிக்குப்பத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவர் பெங்களூரில் விசிலடித்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். மெட்ராஸுக்குப் போய் நடிப்புப் படி என்று டிரைவர் நண்பர் பிடித்துத் தள்ளினார். 1975-க்கு அப்புறம் விசிலடிப்பது மற்றவர்கள் வேலையாகிவிட்டது.

என் திருப்புமுனையில் கங்கையும் இல்லை, யுனெஸ்கோவும் இல்லை. தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டும் ஓர் ஆட்டுக்கிடாவும்தான்.

அது 1986. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். அதுவரை நாங்கள் தருமபுரி மாவட்டம். பிளஸ் டூ முடித்த பையன் முதலில் செய்ய வேண்டியது, தருமபுரிக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிவது. பதிந்துவிட்டால் சர்க்கார் வேலை வீடு தேடி வரும் என்பது அப்பாவின் திடமான நம்பிக்கை. எப்போது வரும் என்பதில் மட்டும் அவருக்குத் தெளிவில்லை. நாள் பார்த்து, பேட்டராய சுவாமி கோயிலில் அர்ச்சனை செய்து, சர்டிபிகேட்டையெல்லாம் மஞ்சப்பையில் வைத்து, திருநீறும் பூசி அனுப்பினார்.

தருமபுரி பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ராகி மூட்டை, கோழிக்கூடை, அவற்றுக்கு நடுவே கொஞ்சம் ஜனங்கள். படியில் அந்தக் கிடா. “ஏறு தம்பி, அது முட்டாது” என்றார் சொந்தக்காரர். கிடாவின் முகத்தில் அப்படியொரு உத்தரவாதம் தெரியவில்லை. பக்கத்தில் ஓசூர் பஸ், பாதி காலி. கண்டக்டர் ‘ஏறு ஏறு’ என்று தமிழில் ஆரம்பித்து, ‘ஹத்ரி ஹத்ரி’ என்று கன்னடத்தில் குரல் உயர்த்தி, ‘எக்கண்டி’ என்று தெலுங்கில் கெஞ்சிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் மூன்று பாஷையிலும் கூப்பிட்டால்தான் ஒரு வண்டி நிறையும். ஜன்னலோர சீட்டு ஒன்று என்னைப் பார்த்தது. தருமபுரி எங்கேயும் ஓடிவிடாது, நாளைக்குப் போகலாம். இன்றைக்கு ஓசூரில் ஒரு மேட்னி. ஏறி உட்கார்ந்துவிட்டேன். தீர்க்கமான ஆலோசனை என்று பார்த்தால் அவ்வளவுதான் நடந்தது.

ஓசூரில் தியேட்டர் வாசலில் ஹவுஸ்ஃபுல் போர்டு. திரும்பினால், என்னோடு படித்தவன் ஒருவன் தலையில் எண்ணெய் வழிய, கையில் ஃபைலோடு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறான். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். “தனியாப் போக ஒரு மாதிரியா இருக்குடா, துணைக்கு வா” என்றான். எனக்கும் அடுத்த காட்சி வரை பொழுது போக வேண்டுமே. கேட்டில் செக்யூரிட்டி, “சர்டிபிகேட் இருக்கா?” என்று இரண்டு பேரையும் சேர்த்துக் கேட்டார். தருமபுரிக்காக அப்பா கொடுத்துவிட்ட மஞ்சப்பை கையில் இருந்தது. என்னையும் வரிசையில் நிறுத்திவிட்டார்.

உள்ளே பரீட்சை என்றால் பேனாவும் பேப்பரும் இல்லை. ஒரு தட்டில் கடுகு அளவு பித்தளைத் துண்டுகள், பக்கத்தில் குத்தூசி குத்தியதுபோல் துளைகள் போட்ட ஒரு பலகை, ஓர் இடுக்கி. ஒவ்வொரு துண்டாக எடுத்துத் துளையில் நிறுத்த வேண்டும். ஓர் அதிகாரி கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்பார். நண்பனுக்கு ஏர் பிடித்த கை. அவன் விரல் பட்டதும் பித்தளை நாலாபக்கமும் பறந்தது. எனக்கோ விரல் தானாக ஓடியது. காரணம் அம்மா. மார்கழி, தை வந்தால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பிதுக்கம்பருப்புக் குழம்பு. பச்சை அவரைக்கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கினால், தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி விழும். அழுத்தம் கூடினால் நசுங்கும், குறைந்தால் வழுக்கும். அந்தக் குழம்பு இல்லாமல் களி இறங்காத வீட்டில், படி படியாகப் பிதுக்கியவன் நான். “எங்கே டிரெய்னிங் எடுத்தே?” என்றார் அதிகாரி. அடுப்படியில் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “பழக்கம் சார்” என்றேன். வேலை கிடைத்துவிட்டது. நண்பனுக்குக் கிடைக்கவில்லை.

இதைக் கேட்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பெருமூச்சு விடுவார்கள்: “எல்லாம் தலையெழுத்துப்பா, ஜன்னலோர சீட்டு ரூபத்துல வந்திருக்கு!” நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் பூரித்துக்கொண்டிருந்தேன். ஒரு கணக்கு மட்டும் இடித்தது. அதே பஸ்ஸில், அதே ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவும் வாலிபத்தில் ஓசூர் போயிருக்கிறார். அவரைத் தலையெழுத்து சந்தையில்தான் இறக்கிவிட்டது. ராகி விற்றுத் திரும்பி வந்தார்.

நடுவில் நடந்தது தற்செயல் இல்லை. 1971-ல் தமிழக அரசு சிப்காட்டை ஆரம்பித்தது. தருமபுரி, தொழிலில் பின்தங்கிய மாவட்டம் என்று முத்திரை குத்தப்பட்டிருந்தது. அதனால் இங்கே ஆலை வைப்பவர்களுக்குச் சலுகை. பெங்களூரோ 40 கிலோமீட்டர். எச்.எம்.டி., எச்.ஏ.எல். என்று அங்கே ஏற்கெனவே தொழில் தெரிந்த ஊர். எல்லையைத் தாண்டாமல் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஆலையை வைத்து, பெங்களூரின் வசதியையும் அனுபவிக்கலாம். 1980-ல் அசோக் லேலண்ட் லாரியும் டிவிஎஸ் 50-யும் ஓசூரிலிருந்து வெளியே வந்தன. 1984-ல் டாடாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. பின்தங்கியவர்கள் என்று பட்டம் வாங்கி அதனாலேயே முன்னேறியவர்கள் நாங்கள். யாரோ சில அதிகாரிகள் கோட்டையில் உட்கார்ந்து, ஃபைலைப் புரட்டி, யோசித்து, கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என் ஜன்னல் சீட்டு அதற்கப்புறம் வந்தது. தற்செயல் நம்மை ஒரு கதவுவரை தள்ளிவிடலாம்; அந்த இடத்தில் கதவு வைக்க யாராவது முன்கூட்டியே மெனக்கெட்டிருக்க வேண்டும்.

அப்பா மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கம்பெனி வேலை தற்காலிகம் என்பது அவர் தீர்ப்பு. அடுத்த வாரமே என்னைத் தருமபுரிக்கு இழுத்துப்போய்ப் பதிய வைத்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வைத்தார். சம்பளத்தோடு லீவு போட்டு, வேலையில்லாதவர்கள் வரிசையில் நின்று வருவேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஷிப்டுக்கு லேட். பன்னேர்கட்டா காட்டிலிருந்து ராகி தின்ன வந்த யானைக்கூட்டம் ரோட்டை மறித்துவிட்டது. மெட்ராஸிலிருந்து வந்த மேலாளரிடம் “யானை சார்” என்றேன். “நல்லா யோசிச்சு வேற காரணம் சொல்லு” என்றார். அடுத்த வாரம் அவரே லேட். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்கிரிமென்ட் இருக்காது.

நண்பன் கதையைச் சொல்ல வேண்டும். வேலை கிடைக்காத கோபத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டான். தக்காளி போட்டான், விலை கவிழ்த்தது. அமுதகொண்டப்பள்ளியில் டான்ஃப்ளோரா ரோஜாத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, துணிந்து பசுமைக்குடில் போட்டான். பித்தளையைப் பறக்கவிட்ட அதே கை முள்ளுக்கு அஞ்சவில்லை. இப்போது பிப்ரவரி பிறந்தால் அவனைப் பிடிக்க முடியாது. முன்பின் தெரியாத தேசத்துக் காதலர்களுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு.

நான் ஓய்வுபெற்ற நாளில் பெரிய பூங்கொத்தோடு வந்தான். மைக்கைக் கொடுத்தார்கள். “அன்னிக்கு இவன் என்கூட வரலைன்னா, ஆள் பத்தலைன்னு என்னை எடுத்திருப்பாங்க. நானும் இன்னிக்கு ஒரு சால்வையப் போத்திக்கிட்டு, பி.எஃப். எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுக்கிட்டிருப்பேன். பெருமாள் காப்பாத்தினாரு” என்றான். அன்றைக்கு அவனுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

இறங்கி வந்ததும், “இவ்வளவு பூ எதுக்குடா, விலை என்ன ஆச்சு?” என்றேன்.

“ஃபிரெண்டுக்கு என்னடா விலை. நல்ல வேளை, ஜூன் மாசத்துல ரிடையர் ஆனே. பிப்ரவரியா இருந்தா சால்வையோட நிறுத்தியிருப்பேன்.”