கேப்டனை ஸ்வீகாரம் எடுத்தவர்

“இன்னமும் கப்பல் கொடுக்கவில்லை, பாவிகள்!” என்று நண்பர் ஒருவர் புலம்பும்போது நாமும் உச்சுக் கொட்ட வேண்டும். கப்பல் கிடைக்காமல் கரையில் உட்கார்ந்திருப்பது அவர் மகனோ மருமகனோ அல்ல. விக்டோரியா ராணி காலத்துக் கடற்படை கேப்டன். செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. நண்பர் அன்னாருடைய நியமனப் பத்திரத்தை ஏலத்தில் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, போர்ட்ஸ்மத் வீட்டு மாடிப்படிச் சுவரில் வெயில் படாமல் மாட்டியிருக்கிறார். கூடவே கேப்டனையும் ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டார்.

கவலையெல்லாம் பதவி உயர்வைப் பற்றித்தான். 1815-இல் நெப்போலியனோடு சண்டை முடிந்ததும் கப்பல்கள் குறைந்தன, அதிகாரிகள் குறையவில்லை. கப்பல் இல்லாதவருக்கு அரைச் சம்பளம். அன்றைக்குக் கேப்டன் அட்மிரல் ஆவதற்குத் திறமை, வீரம் எதுவும் உதவாது. பட்டியலில் தனக்கு மேலே இருப்பவர்கள் போய்ச் சேர வேண்டும். நம்மவர் ராத்திரி சாப்பாடு ஆனதும் அந்தப் பட்டியல் அச்சான பழைய நேவி லிஸ்டைப் பிரித்துப் பூதக்கண்ணாடியோடு உட்காருவார். “மேலே ரெண்டு பேர் காலி!” என்று துள்ளுவார். வந்த விருந்தாளி யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி எழுந்திருப்பார். அடுத்த பக்கத்தில் தொண்ணூறு வயசுக் கிழவர் ஒருவர் இன்னும் பிடிவாதமாக இருப்பது தெரிந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. ஓ’பைர்ன் என்பவர் 1849-இல் வெளியிட்ட கடற்படை அதிகாரிகள் அகராதியில் கேப்டனைப் பற்றி அரைப் பத்தி இருக்கிறது. அதன் நகலைப் பெண் வீட்டாருக்கு ஜாதகம் நீட்டுவதுபோல் நீட்டுவார்.

“தரைப்படையில் 1871 வரைக்கும் பதவியைக் காசுக்கு வித்தாங்க. நம்ம கேப்டன் பரீட்சை தேறி வந்தவர்” என்பார், ராத்திரியெல்லாம் கூட உட்கார்ந்து படிக்க வைத்த தோரணையில். கடற்படையில் சிபாரிசுக்குக் குறைச்சலா என்று கேட்டேன். டீ வரவில்லை.

பத்திரத்தில் ராணியின் கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது தரைப்படைப் பத்திர சமாசாரம். கடற்படையில் அதை நடத்திய அட்மிரால்டி பிரபுக்கள் போட்டதுதான் கையெழுத்து. கேட்டால் சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்ட ஆரம்பிப்பார். பத்திரம் தோலில் எழுதியது. அதில் புடைப்பு முத்திரை நிற்காதாம். அதனால் நீலக் காகிதத்தில் குத்தி, தகடு செருகி, பின்னால் ராணியின் முதலெழுத்துகள் போட்ட குட்டிக் காகிதத்தை ஒட்டி மறைப்பார்களாம். நன்றாகத்தான் இருக்கிறது. முதல் தடவை.

இந்தப் பாசத்தில் ஒரு கோளாறு. அந்தக் காலத்தில் கப்பல் மாறினால் புதுப் பத்திரம். ஒரு மனிதனின் உத்தியோகம் முழுக்க ஒரே கட்டாக யாரோ பேரன் வீட்டுப் பெட்டியில் கிடந்திருக்கும். தனித்தனியாக விற்றால் லாபம் என்று வியாபாரிகள் பிரித்துவிடுகிறார்கள். “கசாப்புக்காரன்கள்!” என்று நம்மவரும் திட்டுவார். போன வருஷம் அதே கேப்டன் லெப்டினென்டாக இருந்தபோது வாங்கிய பத்திரம் ஏலத்துக்கு வந்தது. விலையும் அதிகமில்லை. இவர் கை தூக்கவில்லை. “அது சின்னக் கப்பல்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்னக் கப்பலில் போனவன்தானே பெரிய கப்பலுக்கு வந்தான்? அதைச் சொன்னால், மாடிப்படிச் சுவரில் இடமில்லை என்கிறார். இடம் இருக்கிறது. நான் பார்த்தேன்.