தமிழுக்கு ஆறாம் இடம்

புதுச்சேரியின் தவளக்குப்பம் சந்திப்பில் பிரியாணிக் கடை, செல்போன் கடை, ஒயின் ஷாப் எல்லாவற்றிலும் பெயர்ப்பலகை தமிழில் இருந்தே ஆக வேண்டும் என்று 2025 மார்ச்சில் முதல்வர் ரங்கசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. பிரியாணிக் கடைக்காரர் தமிழைக் காப்பாற்றட்டும். அரசுக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்த வேலையை அது 2023-லேயே ஆரம்பித்துவிட்டது. அரசுப் பள்ளிகளில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை மூட்டை கட்டி, ஆறாம் வகுப்பு முதல் சி.பி.எஸ்.இ.யைக் கொண்டுவந்தது. பழைய பிளஸ் டூவில் மொழிப்பாடம்தான் முதல் பாடம். இப்போது பிளஸ் ஒன்னில் இந்தி, ஆங்கிலம் இரண்டில் ஒன்று இருந்தால் போதும். இயற்பியல், வேதியியல், கணக்கு, கணினி என்று ஐந்து இடமும் நிரம்பிவிட்டால், தமிழ் ஆறாவதாக வாசலில் நிற்கலாம். நிற்காவிட்டாலும் யாரும் தேட மாட்டார்கள்.

அதற்காகத் தமிழாசிரியர் சும்மா இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டு விழா வந்தால் வரவேற்புரை அவர்தான், எம்.எல்.ஏ.வுக்கு அடைமொழி ஒன்று குறைந்தால் போச்சு. அழைப்பிதழில் பிழை பார்ப்பதும் சால்வை வாங்கி வருவதும் அவர்தான். ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மட்டும் விதிவிலக்காம். அந்த விதிவிலக்குக்குள் ஓர் ஊரே குடியிருக்கலாம்.

இத்தனைக்கும் நடுவே ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நேற்று வீட்டில் நடந்ததை வாயால் சொல்லச் சொன்னால் அருவி மாதிரி கொட்டும். நாலு வரி எழுதச் சொன்னால் இரண்டாம் வரியிலேயே எழுவாய் காணாமல் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, மறுபடி எழுத வைக்க வேண்டும். தமிழாசிரியரின் வேலை அதுதான். அதற்குத்தான் பீரியட் கிடைப்பதில்லை.

1909 முதல் 1946 வரை பாரதிதாசனுக்குத் தமிழாசிரியர் சம்பளம் கொடுத்தது பிரெஞ்சுக்காரன். அவர் பாட்டைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக வைத்துக்கொண்டு, எழுந்து நின்று மரியாதை செய்துவிட்டு, உட்கார்ந்ததும் தமிழை விருப்பப் பாடமாக்கியது நம் ஆட்கள். வெட்கம் என்ற ஒன்று பட்ஜெட்டில் ஒதுக்கப்படவில்லை போலும்.

அவர் பிறந்தநாளான ஏப்ரல் 29-இல் சிலைக்கு மாலை விழும். மேடையில் தமிழ் முழங்கும். அந்த முழக்கத்தை எழுதித் தரச் சொல்லி யாரைக் கூப்பிடுவார்கள்? பிளஸ் ஒன்னில் வகுப்பை இழந்துவிட்டு நிற்கிறாரே, அவரைத்தான். ஒற்றுப்பிழை இருந்தால் மெமோவும் அவருக்கே.