கட்டைவிரலுக்கு 30, தூக்கத்துக்கு எவ்வளவு?

அனுப்புநர்: டீக்கடை பெஞ்ச், சிப்காட் எதிரில், கடலூர்.

பெறுநர்: மத்திய தொழிலாளர் நலம் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: ஊனச் சதவீதப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

முதலில் பாராட்டிவிடுகிறேன். தொழிலாளியின் உடம்பைத் தங்களைப் போல அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட யாரால் முடியும்? கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போச்சு. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ முழுசாகப் போனால் 7. எலும்புக்குச் சேதமில்லாமல் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் பிறந்து, நடுவில் திருத்தங்கள் கண்டு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் குடியேறிவிட்ட பட்டியல் இது. மளிகைக்கடைத் தராசுகூட இவ்வளவு கறாராக நிறுக்காது.

எங்கள் மாவட்டத்துக்கு இது அடிக்கடி தேவைப்படுகிறது. 2020 மே 7, ஜூலை 1 என்று இரண்டு மாதத்துக்குள் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இரண்டு கொதிகலன் விபத்துகள். இரண்டாவதில் அன்றைக்கே ஆறு பேர் போனார்கள். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. 2021 மே 13இல் கடலூர் சிப்காட்டின் பூச்சிமருந்து ஆலையில் நான்கு பேர். இறந்தவர்களுக்குக் கணக்கு உண்டு. காயம் ஆறி ஊனத்தோடு மீண்டவருக்குச் சதவீதம் உண்டு. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கீறல்கூட இல்லாமல் வீடு திரும்பியவருக்கு? நீராவி சீறும் சத்தம் கேட்டால் அவருக்குக் கை நடுங்குகிறதாம், ராத்திரி தூக்கம் இல்லையாம். கை இருக்கிறதல்லவா? அப்புறம் என்ன, பூஜ்யம்!

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இலேயே, இப்படிப்பட்ட அதிர்ச்சியால் வரும் மனநோயைத் தன் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அவர்கள் ஜெனீவாவில் இருப்பவர்கள். குளிரில் மனசு இளகிப் போயிருக்கும். தாங்கள் அதற்கெல்லாம் மசிய வேண்டாம்.

இ.எஸ்.ஐ.யில் தொழில் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் படி தருகிறீர்கள். நன்றி. ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, வயது 45ஐத் தாண்டக் கூடாது என்கிறீர்கள். கட்டைவிரலை இழந்த பிட்டருக்கு 30தான் தேறுகிறது. பாக்கி பத்துக்கு அவர் எங்கே போவார்? ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன், 44 வந்தது. யோசனை சொல்லலாமா என்று பயமாக இருக்கிறது.

அடுத்தது 48 மணி நேரம். அடிபட்டவர் அத்தனை நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால்தான் ஆலை அரசு அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும். அதனால் சில இடங்களில், கட்டுப்போட்ட கையோடு ஆளை வண்டியில் ஏற்றிவந்து டைம் ஆபீஸில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அதற்கு ‘லைட் டூட்டி’ என்று பெயர். கேட்டில் தொங்கும் போர்டில் விபத்தில்லா நாட்கள் ஏறிக்கொண்டே போகின்றன.

சிதம்பரத்தில் ஒற்றைக் காலைத் தூக்கி நிற்பவரைக் கும்பிட ஊர் ஊராக வருகிறார்கள். ஒற்றைக் காலில் நொண்டி வரும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் கான்ட்ராக்டர், “உடம்பைப் பார்த்துக்கப்பா, அப்புறம் கூப்பிடுறேன்” என்கிறார். அந்த அழைப்பு வருவதே இல்லை. அதே சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவோடு. ஆனால் அங்கே தரும் சீட்டை ஆலையில் காட்டினால் ‘மறை கழன்ற கேஸ்’ என்று பட்டம் கட்டுவார்களே என்று, காட்ட வேண்டியவரே அதை ஒளித்துவைக்கிறார்.

ஆகவே ஐயா, கேட்பது கொஞ்சம்தான். பயத்துக்கும் தூக்கமின்மைக்கும் பட்டியலில் ஒரு வரி. பெரிய விபத்து நடந்தால், அடிபட்டாரோ இல்லையோ, அந்த ஷிப்டில் இருந்த எல்லோருக்கும் சம்பளத்தோடு மனநல ஆலோசனை. குணமாகித் திரும்புகிறவருக்கு முதலில் அரை ஷிப்ட், முழுச் சம்பளம். அவர் போய் நிற்க அஞ்சும் மெஷினுக்குப் பதில் வேறு இடம். எத்தனை நாள் ஓய்வு என்பதை டாக்டர் சொல்லட்டும், டைம் ஆபீஸ் சொல்ல வேண்டாம்.

இந்த மனுவுக்குப் பதில் வர 48 மணி நேரத்துக்கு மேலானால், அதையும் ஒரு விபத்தாகப் பதிவு செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பத்து விரலும் இன்னும் பத்திரமாக உள்ள
கடலூர்க்காரன்