உள்ளேன் ஐயா, பத்துக் கல்லூரியிலும்

பொறியியல் முதலாம் ஆண்டில் கால் வைக்கும் பிள்ளைக்கு முதலில் நடத்தப்படும் பாடம் கணக்கு அல்ல, விதிகள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எம்ஏ3151 என்ற எண்ணோடு வந்தது 'அணிகளும் நுண்கணிதமும்'. பிள்ளைகள் வாயில் எம்-ஒன். இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. வருகைப்பதிவு 75 சதவீதம். உடம்பு முடியவில்லை, விளையாட்டுப் போட்டிக்குப் போனேன் என்று சான்றிதழோடு வந்தால் 65 வரை இறங்கி வருவார்கள். அதற்கும் கீழே என்றால் தேர்வு எழுத முடியாது, செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும்.

விளையாட்டுக்கு இடம் வைத்தவர்கள் அமோனியாவை மறந்துவிட்டார்கள். 2023 டிசம்பர் 26 அன்று, இரவு பன்னிரண்டை நெருங்கும்போது, எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. குப்பத்து ஜனங்கள் மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, வலையையும் படகையும் கறுப்பாக்கியிருந்தது. இதையெல்லாம் வருகைப்பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? மருத்துவக் காரணம் என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்பார்கள். ஓடுகிறவன் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டா ஓடுவான்?

வாயு கசியாத நாளில் கன்டெய்னர் லாரி இருக்கிறது. மெட்ரோதான் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, 2021-இல், விம்கோ நகர் வரைக்கும். எர்ணாவூரும் எண்ணூரும் அதற்கு அப்பால் கிடக்கின்றன. சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற காலையில் பஸ் கடந்த தூரத்தை நேரத்தைக் கொண்டு வகையிட்டால் விடை பூச்சியம். படிகள் எழுதாவிட்டாலும் அந்த பஸ்ஸில் வருகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடலாம், கம்பியைப் பிடித்து நின்றே நிரூபித்தவன். ஆனால் முதல் பீரியடில் அவனுக்குக் கிடைப்பது ஆப்சென்ட்.

இந்தத் துறைமுகத்தில்தான் 1912 மார்ச்சிலிருந்து மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தார் ராமானுஜன். கும்பகோணத்தில் ஒருமுறை, பிறகு பச்சையப்பனில் சேர்ந்து ஒருமுறை என்று கல்லூரிப் படிப்பை முடிக்காமல் வந்தவர். அவரைக் கவிழ்த்தது கணக்கு அல்ல, மற்ற பாடங்கள். பட்டமில்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு ஆய்வறிக்கை கேட்டது. வெள்ளைக்காரன் காலத்துப் பல்கலைக்கழகத்துக்கு 75 என்பது கொடுக்கிற எண். நம் காலத்தில் அது பிடுங்குகிற எண். ராயபுரத்தில் அவருக்கு ஓர் அருங்காட்சியகம்கூட உண்டு. டிசம்பர் 22 கணித நாளன்று கல்லூரிகளில் அவர் படத்துக்கு மாலை விழும். அரியர் வைத்து வெளியேறியவருக்கு மாலை பிடித்து நிற்கிற பிள்ளைக்கு அன்று ஓ.டி. (ஆன் டூட்டி) உண்டு, வருகை குறையாது.

சரி, பிள்ளை எப்படியோ வந்து சேர்ந்துவிட்டான். வாத்தியார் வந்தாரா?

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. 2023-24இல் 224 பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள், ஒருவரே பல கல்லூரிகளில் முழுநேரம் வேலை செய்வதாகக் கணக்கு. இணைப்பு அங்கீகாரம் வேண்டுமென்றால் இத்தனை ஆசிரியர் என்று காட்ட வேண்டும், காட்டினார்கள். ஆய்வுக்குப் போன குழுக்களும் பார்த்தோம், இருக்கிறார்கள் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தன. பட்டியல் வெளியான பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தின் அப்போதைய துணைவேந்தரே சொன்னார்: சுமார் 2,000 பணியிடங்களில் 189 பேர்.

நுண்கணிதத்தின் முதல் வகுப்பிலேயே சார்பு என்றால் என்ன என்று சொல்லித்தருவார்கள். ஒரு நேரத்துக்கு ஒரு மதிப்புதான் இருக்க முடியும். காலை பத்து மணிக்கு ஒரே ஆள் பத்துக் கல்லூரியில் நின்றால் அது சார்பே அல்ல என்று எழுதாத பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் போகும். அப்படி நிற்பதாக எழுதிக்கொடுத்த கல்லூரிக்கு அங்கீகாரம் வரும். அந்த நாற்காலிகளில் எத்தனை எம்-ஒன் நாற்காலியோ! கரும்பலகைக்கு முன்னால் ஆளே இல்லாத வகுப்பில் உட்கார்ந்து, மும்மடித் தொகையீட்டை யூடியூபில் பார்த்துத் தேறியவனைத்தான் 74 சதவீதம் என்று சொல்லி வெளியே நிறுத்துகிறார்கள்.

பிள்ளைக்குப் போடுகிற அதே கணக்கை இவர்களுக்கும் போட்டுப் பார்ப்போம். இருக்க வேண்டியது 2,000 பேர், இருந்தது 189. வருகை 9.45 சதவீதம். மருத்துவச் சான்றிதழ் காட்டினாலும் 65-ஐ எட்டாது. விளையாட்டுச் சான்றிதழ் வேண்டுமானால் செல்லும், ஆடியது ஆட்டம்தானே. விதிப்படி இந்தக் கல்லூரிகளும் அவற்றுக்குக் கையெழுத்துப் போட்ட குழுக்களும் செமஸ்டரை முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும், கட்டணத்தை அவர்களே கட்டி.