கல்லாப்பெட்டியும் காலண்டர் தாளும்

பாக்ஸ் ஜாயின்ட் என்பது பெட்டியின் மூலையில் இரண்டு பலகைகள் பல்லுக்குப் பல் கோத்து நிற்கும் பொருத்து. 72 மி.மீ. அகலமும் 12 மி.மீ. தடிமனும் உள்ள பலகைகளில் 6 மி.மீ. பல், 6 மி.மீ. பள்ளம் என்று மாறிமாறி வெட்டினால் ஒரு மூலைக்கு 12 பற்கள் சேரும். அவை ஒன்றோடொன்று உரசும் இடங்கள் 11. வெறுமனே முட்டவைத்து ஒட்டுவதைவிடப் பசை பிடிக்கும் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதோடு, முட்டவைத்த இடத்தில் நாரின் நுனி பசையைக் குடித்துவிடும். பல்லின் பக்கவாட்டில் பசை நின்று பிடிக்கும். திருநெல்வேலி டவுன் ரதவீதியில் கல்லாப்பெட்டியை அண்ணாச்சிமார் நாளெல்லாம் படார் படாரென்று மூடுவதைக் கேட்டவர்களுக்கு மூலைப் பொருத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

தாமிரபரணிக் கரையில் இந்தத் தலைவலியே இல்லாதவர்கள் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் செய்பவர்கள். கடைசலில் சுற்றி அரக்குப் பூசும் சொப்புக்கு மூலையே கிடையாது. மூலையுள்ள பொருளுக்கு ஆசைப்பட்டவர்களுக்குத்தான் ஜிக்.

ஒவ்வொரு வெட்டுக்கும் பலகையை ஒரே அளவு நகர்த்தித் தரும் சட்டமே ஜிக். தேர்ந்த ஆசாரி வரிக்கோலால் கீறி, ரம்பத்தால் அறுத்து, உளியால் பொளித்து இதே பொருத்தை எடுத்துவிடுவார். அந்தக் கை வாய்க்காதவர்களுக்கு வெளிநாட்டுப் புத்தகங்கள் டேபிள் சாவில், அகலப் பள்ளம் எடுக்கும் டாடோ பிளேடு மாட்டச் சொல்கின்றன. இங்கே பல பட்டறைகளில் டேபிள் சா என்பது, கையில் பிடித்து அறுக்கும் மெஷினைப் பிளைவுட்டுக்கு அடியில் தலைகீழாக முடுக்கியது. டாடோ அதில் ஏறாது. சுழலும் பிட்டால் பள்ளம் எடுக்கும் ரவுட்டரை மேசைக்கு அடியில் மாட்டி 6 மி.மீ. நேர் பிட் போடுவதே நடைமுறை.

மேசைக் காடியில் ஓடும் அடிப்பலகை ஒன்று, அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் தடுப்பு ஒன்று. இரண்டும் பிளைவுட்டாக இருப்பது நல்லது. ஐப்பசி மழைக்குச் சாதா மரம் உப்பிக்கொள்ளும். தடுப்பில் 6 மி.மீ. பள்ளம் எடுத்து, அதில் இறுக உட்காரும் தேக்குக் குச்சி ஒன்றை இழைத்துப் பதிக்க வேண்டும். குச்சிக்கும் பிட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் சரியாக 6 மி.மீ. இதுதான் முழு ஜிக்கும். எழுத ஒரு பத்தி, செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஓட்டம் பார்க்கும்போது பல் பள்ளத்துக்குள் நுழையாமல் முரண்டு பிடித்தால் குச்சியைப் பிட் பக்கம் நகர்த்த வேண்டும். லொடலொடத்தால் எதிர்ப்பக்கம். எவ்வளவு? தினசரிக் காலண்டரில் கிழித்த ஒரு தாளின் தடிமன். தடுப்பின் ஓரத்தில் தாளைச் செருகி முடுக்கினால் போதும். கல்யாணப் பத்திரிகை வீட்டில் எவ்வளவு கிடந்தாலும் அந்த அட்டை இதற்கு மிஞ்சிப்போகும். காலண்டர் ஆடி மாதத்திலேயே மார்கழிக்கு வந்துவிட்ட பிறகும் மூலை இறுகாவிட்டால், கோளாறு குச்சியில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

வெட்டும்போது முதல் பலகையின் ஓரத்தைக் குச்சியில் முட்டவைத்துத் தள்ள வேண்டும். விழுந்த பள்ளத்தைக் குச்சிமேல் மாட்டி அடுத்த வெட்டு. இப்படி ஆறு. இரண்டாம் பலகை பள்ளத்தில் தொடங்க வேண்டும் என்பதால், முதல் பலகையைத் திருப்பி அதன் முதல் பள்ளத்தைக் குச்சியில் மாட்டி, அதன் ஓரத்தில் இரண்டாம் பலகையை முட்டவைப்பார்கள். பிட்டை ஒரே மூச்சில் 12 மி.மீ. உயர்த்தாமல் இரண்டு தவணையாக உயர்த்தினால் மரமும் கருகாது, பிட்டும் பிழைக்கும்.

குச்சி 0.1 மி.மீ. சிறுத்திருந்தால், ஒரு பலகையை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் நெருக்கி வெட்டுகிறவருக்கு ஐந்து நகர்த்தலில் அரை மி.மீ. பிசகும். எப்போதும் ஒரே பக்கம் நெருக்குவதே மருந்து. குச்சியடியில் ஒட்டும் மரத்தூளும் இதே வேலையைச் செய்யும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஊதிவிட வேண்டும். இந்த ஊதலைத் திண்ணையிலிருந்து பார்ப்பவர், “ஏன் வே, இதுக்கு ஆசாரியக் கூப்பிட்டிருக்கலாம்லா?” என்று கேட்பது மரபு. ஒரே ஒரு பெட்டிதான் தேவையென்றால் அவர் சொல்வது சரி.

நான்கு பலகைகளையும் ஒரே நாளில் வெட்டிவிட வேண்டும். மழைக்கு முன் வெட்டியதும் மழையில் ஊறிய பின் வெட்டியதும் கோக்காது. பிட்டை அரை மி.மீ. கூடுதலாக உயர்த்தி வெட்டி, பற்களை அந்த அளவு வெளியே நீட்டவிட்டு, பசை காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கலாம். 6 மி.மீ. ஜிக்கில் 10 மி.மீ. பல் வெட்ட முடியாது. அதற்கு வேறு ஜிக் செய்ய வேண்டும்.